கீபோர்டு வாங்கும் முன் ஒரு நிமிடம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். எந்த ஆண்ட்டி வைரஸ் போடலாம், ராம் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். இந்த வரிசையில் சமீபகாலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "பொண்ணு பாட்டு கிளாஸ் போறா தம்பி. ஒரு எலெக்ட்ரானிக் கீபோர்டு வாங்கித் தரலாம்னு இருக்கேன். கம்ப்யூட்டரோட கனெக்ட் ஆகணும். எந்த மாடல் நல்லா இருக்கும்?"

மாடல் பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் நான் சொல்லும் பதில், "கொஞ்சம் பொறுங்கள்" என்பதுதான். ஒலியை உண்டாக்கும் கருவி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அது உங்கள் கம்ப்யூட்டர். கடைக்குப் போவதற்கு முன் அதை வைத்தும், சில நூறு ரூபாய் எலெக்ட்ரானிக் சாமான்களை வைத்தும் நீங்களே ஒரு சின்ன சிந்தசைசர் செய்து பாருங்கள். கஞ்சத்தனத்தால் இதைச் சொல்லவில்லை. காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் பெரியப்பாவின் வேனில் இருந்து தொடங்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. வாரத்தில் ஐந்து நாட்கள் சென்னையில் சாப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறு ஊரில். பெரியப்பா நாற்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, தேர்தல் பிரசாரம் என்று அவர் வேன் போகாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. கூம்பு ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வந்தது, பெரிய பெரிய பாக்ஸ் வைத்திருக்கும் டி.ஜே. ஆட்கள் வந்தார்கள், அவருக்கு முழங்கால் வலியும் வந்தது. வேன் வீட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து விலை பேசிவிட்டுப் போன அன்று, "ஆறு மாசம் எனக்குக் கொடுங்க பெரியப்பா" என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போடா. டீசல் மட்டும் நீ போட்டுக்கோ" என்றார்.

அந்த வேனில் நானும் இரண்டு நண்பர்களும் கையால் செய்த சிந்தசைசர்களை ஏற்றிக்கொண்டு செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறோம். பிள்ளைகள் ஏறித் தொட்டுப் பார்க்கலாம், திருகலாம், பிரிக்கலாம். ஒரு பாட்டும் போடுவதில்லை. இதுவரை பதினோரு இடங்களுக்குப் போயிருக்கிறோம். நான் சொல்லப்போகும் கருத்துகள் எல்லாம் அந்த வேனில் கற்றவை.

முதலில் சிந்தசைசர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நீங்கள் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும்போது, சவுண்ட் கார்டு விநாடிக்கு 44,100 எண்களை (சில பைல்களில் 48,000) மின் அழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அதற்கேற்ப முன்னும் பின்னும் அசைகிறது. அந்த எண்கள் யாரோ பாடியதைப் பதிவு செய்ததாக இருந்தால் அது ரெக்கார்டிங். யாருமே பாடாமல் அந்த அசைவை நாமே கணக்குப் போட்டு உண்டாக்கினால், அல்லது ஒரு சர்க்யூட்டால் உண்டாக்கினால், அது சிந்தசைசர். அவ்வளவுதான்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 2000-ம் ஆண்டில் வெளிவந்து இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கும் நல்ல சாப்ட்வேர். அதில் 'ஜெனரேட்' மெனுவில் 'டோன்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். அலை வடிவம் 'சைன்', அதிர்வெண் 240 என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். இதை 'ச' என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு டிராக் திறந்து அதில் 360 கொடுங்கள். இது 'ப'. இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். 240-க்கு 360 என்பது 2-க்கு 3 என்ற சுத்தமான விகிதம்.

இப்போது 360-ஐ நீக்கிவிட்டு 'க'வைக் கொண்டுவருவோம். அந்தர காந்தாரம். 4-க்கு 5 என்ற விகிதப்படி அது 300. கேளுங்கள், நன்றாக இருக்கும். பிறகு அந்த டிராக்கை அழித்துவிட்டு 302.38 கொடுத்துப் பாருங்கள். கடையில் விற்கும் கீபோர்டு, 'ச' 240-ல் இருந்தால், காந்தாரமாகத் தருவது இந்த 302.38-ஐத்தான். வித்தியாசம் தெரிகிறதா? தெரியாவிட்டால் 300, 302.38 இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுங்கள். ஒலி விநாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் ஏறி ஏறி இறங்கும். இதைத்தான் நம் பெரியவர்கள் சுருதி இடிக்கிறது என்பார்கள்.

கீபோர்டு செய்தவர்களின் தவறு அல்ல இது. எந்தக் கட்டையை 'ச'வாக வைத்தாலும் வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். மேற்கத்திய இசையில் பாட்டின் நடுவிலேயே ஆதார ஸ்வரம் மாறும். அதற்கு இந்த ஏற்பாடு தேவை. நமக்கு அது தேவையில்லை. பாட்டு முடியும் வரை 'ச' மாறாது, பின்னால் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும். தம்பூராவின் மந்தர சட்ஜத் தந்தியைத் தனியாக மீட்டிக் காதைப் பக்கத்தில் வைத்தால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதற்குள் கேட்கும். தந்தியின் ஐந்தாவது இசைவதிர்வு அது. நான் சொன்ன 300-ன் குடும்பம்தான், 302.38-ன் குடும்பம் அல்ல.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு நாகஸ்வர வித்வான் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். வேனில் முதல் கருவியைப் பொருத்திய அன்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பைக்கோ என்ற சிறிய கம்ப்யூட்டர் போர்டு (2021-ல் வந்தது, விலை சில நூறு ரூபாய்), எட்டு பித்தளைத் தகடுகள், ஒரு ஸ்பீக்கர். தகட்டைத் தொட்டால் ஸ்வரம் வரும். சங்கராபரணத்தின் எட்டு ஸ்வரங்களை வரிசையாகத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு வசதியாக ஆதாரத்தை 2 கட்டைக்கு வைத்திருந்தேன். அதாவது ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸ்.

கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, உன் காந்தாரம் இடிக்குதே" என்றார்.

"அது கரெக்ட்டா கணக்குப் போட்டதுங்கய்யா. எல்லா கீபோர்டுலயும் இப்படித்தான்" என்றேன்.

"எல்லா கீபோர்டுலயும் இடிக்கும்" என்றார் அவர்.

லேப்டாப்பைத் திறந்தேன். என் புரோகிராமில் ஸ்வரங்களுக்கான விகிதங்கள் ஒரே வரியில் வரிசையாக இருந்தன. மூன்றாவது எண் 1.26. அதை அழித்துவிட்டு 1.25 என்று டைப் செய்து மறுபடி போர்டில் ஏற்றினேன். அரை நிமிட வேலை. மறுபடி தொட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு 'த', 'நி' இரண்டையும் பிடித்துக்கொண்டார். அன்று மாலை முழுக்க அவர் சொல்லச் சொல்ல எண்களைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

என் கருத்துக்கு வேர் இந்த அரை நிமிடம்தான். கடையில் வாங்கிய ஒரு சாதாரணக் கீபோர்டில் அந்த 1.26-ஐ நான் எங்கே போய்த் தேடுவேன்? விலை கூடிய சில மாடல்களில் ஸ்கேல் டியூனிங் என்ற வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதன்முதலாக வாங்குபவர் அந்த விலைக்குப் போவதில்லை. அப்படியே போனாலும் மெனுவுக்குள் மெனுவாக அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நாமே செய்த கருவியில் எண் நம் கையில் இருக்கிறது. செய்தவர் காது எதுவோ அந்தச் சுருதிதான் கருவிக்குள் போய் உட்காருகிறது.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்தது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. கமகம் வராது, சுருதி நமக்கு ஒத்துவராது என்பவைதான் அன்று சொல்லப்பட்ட முக்கியக் காரணங்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியம் இல்லாமல் விடிவதில்லை. கூத்தாடிகள் அதை அப்படியே தங்களுக்கு வசப்படுத்திக்கொண்டார்கள். எனவே அந்தக் காலத்துத் தடைக்கு நான் வக்கீல் அல்ல. தடை போடுவதைவிடத் திருத்துவது நல்லது என்பதுதான் என் கட்சி.

திருத்தியவர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் ஒரு பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. அவர் உருவாக்கிய எலெக்ட்ரானிக் தம்பூரா 1979-ல் சென்னை மியூசிக் அகாடமியின் ஆண்டு மாநாட்டில் காட்டப்பட்டது. ரேடல் என்ற பெயரில் வந்த அந்தப் பெட்டிகளை நீங்கள் பாட்டு வகுப்பில் பார்த்திருப்பீர்கள். பாட்டு டீச்சர் வீட்டு மேஜையில் ஓரமாக 'ஙொய்' என்று ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சுருதிப் பெட்டி ஒரு சிந்தசைசர்தான். அதை யாரும் அந்தப் பெயரில் அழைப்பதில்லை, அவ்வளவுதான். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தார். அதனால்தான் அந்தப் பெட்டி நம் சங்கீதத்துக்குப் பொருந்தியது.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 1969-ல், ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார்கள். அலமாரி மாதிரி இருக்கும் கருவி. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துத் தந்தார். கீதா சாராபாய் உள்பட நம் நாட்டவர் சிலர் அதில் இசை அமைத்தார்கள். 1972-க்குப் பிறகு அந்த முயற்சி தொடரவில்லை. ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்து, பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் இசைக் கலைஞர் கண்ணில் பட்டு, 2023-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. கேட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். ஆனால் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தக் கருவி ஒரே கட்டடத்தில் இருந்தது, விரல் விட்டு எண்ணக்கூடிய கைகள்தான் அதைத் தொட்டன. திருவண்ணாமலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் அவர் ஒன்று செய்திருப்பார் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

அந்த மூக் கருவியை உருவாக்கிய ராபர்ட் மூக்கும் தொடக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து செய்தவர்தான். தெரமின் என்று ஒரு கருவி உண்டு. 1920 வாக்கில் ரஷ்யாவில் பிறந்தது. தொடாமலேயே காற்றில் கையை அசைத்து வாசிக்க வேண்டும். அதைத் தாங்களே பொருத்திக்கொள்ளும் கிட்டுகளாக மூக் 1950-களில் விற்றார். பெயர் பெற்ற சிந்தசைசர் 1964-ல்தான் வந்தது. நம் ஏ.ஆர். ரஹ்மான் கதையும் உங்களுக்குத் தெரியும். அப்பா ஆர்.கே. சேகர் 1976-ல் மறைந்த பிறகு, அவர் வைத்திருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. வாடகைக்குப் போய்வரும் கருவிகளோடு வளர்ந்த பையன் 1992-ல் 'ரோஜா' தந்தார். மைக் செட்டு வீட்டில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம்.

வேன் கதைக்கு வருகிறேன். கருவியை வண்டியில் ஏற்றுவதும் புதிதல்ல. 1933-ல் அமெரிக்காவில் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்ய, 315 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 143 கிலோ எடையுள்ள ரெக்கார்டரைக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் கருவிகள் எல்லாம் சேர்த்து ஒரு அரிசி மூட்டை எடைகூட வராது. இருந்தும் வண்டி எங்களைப் படுத்தியது.

வேனின் பேட்டரியிலிருந்தே கருவிகளுக்கு மின்சாரம் எடுத்தேன். நின்ற வண்டியில் அருமையாக வேலை செய்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரில் 'ஊய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தச் சத்தமும் சுருதி ஏறியது. (முதல் நாள் ஏறிய பையன் ஒருவன், "அண்ணா, இதான் சூப்பரா இருக்கு" என்றான்.) காரணம் ஆல்டர்னேட்டர். அது தரும் மின்சாரம் முழுக்கச் சமதளமாக இருக்காது, சிறு அலைகள் இருக்கும். நான் எர்த் ஒயரை நான்கு இடங்களில் பாடியோடு முறுக்கியிருந்தேன். அதனால் வண்டியின் மின்சாரம் என் ஆம்ப்ளிபயர் வழியாகவும் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. அதைவிட மோசம், 12 வோல்ட் என்று நாம் சொல்லும் பேட்டரியில் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்திலும் நிறுத்தும் நேரத்திலும் அதற்கும் மேலே துள்ளும். அப்படி மூன்று ஐ.சி.க்கள் புகை விட்டன. படித்தது இன்ஜினியரிங். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பெரியப்பா முதல் நாளே, "தனி பேட்டரி வைடா" என்று சொல்லியிருந்தார்.

இப்போது 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. கணக்குப்படி 1,200 வாட்-ஹவர். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் 600 மட்டும். எங்கள் ஆம்ப்ளிபயரும் கருவிகளும் சேர்ந்து 60 வாட் எடுக்கும். பத்து மணி நேரம் என்பது காகிதக் கணக்கு, நடைமுறையில் ஏழு வருகிறது. எர்த் எல்லாம் ஒரே இடத்தில். ஒவ்வொரு கருவிக்கும் தனி பியூஸ், 9 வோல்ட் ரெகுலேட்டர். வண்டியை வெட்டவோ வெல்டிங் செய்யவோ இல்லை. எல்லாம் கழற்றி இறக்கக்கூடிய பிளைவுட் பெட்டிகள். ஆர்.சி. புக்கில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை, ஆண்டுதோறும் எப்.சி. வேறு காட்டியாக வேண்டும்.

சத்தமும் அளவோடுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் வரம்பு. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அதனால் பள்ளி வளாகத்துக்குள் ஹெட்போன் மட்டும்தான். பௌர்ணமி அன்றும் தீபத்தன்றும் வண்டியை எடுப்பதே இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்று போடப்படும் சத்தமே போதும், நாங்களும் போய்ச் சேர வேண்டாம்.

ஒரு எதிர்ப்பு உங்கள் மனதில் இருக்கலாம். இருக்க வேண்டும். அந்த நாகஸ்வர வித்வான் எல்லா ஸ்வரங்களையும் திருத்தி முடித்த பிறகு கேட்டார். "நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒத்து ஊதித்தான் தொழில் கத்துக்கிட்டேன். ஒத்து இருந்த இடத்துக்கு சுருதிப் பெட்டி வந்துச்சு. கோயில்ல மேளம் இருந்த இடத்துக்கு மோட்டார் வந்துச்சு. இப்போ நீ எதுக்குப் பதிலா இதைக் கொண்டு வந்திருக்கே தம்பி?"

பல சிறு கோயில்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவிட்ச் போட்டால் முரசும் மணியும் தானாக அடிக்கும் அந்த இயந்திரம் இருக்கும். பூஜை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஒத்து என்பது ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதும் குழல், கேட்பவருக்குச் சாதாரண வேலை. ஆனால் ஒரு பையன் பெரிய வித்வான் பக்கத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்து கேட்க அது ஒரு வழியாக இருந்தது. நான் சற்று முன் புகழ்ந்த சுருதிப் பெட்டி அந்த இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. இரண்டும் உண்மை. அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதிலாக ஒரு விதி வைத்துக்கொண்டோம். வேனில் தானாக வாசிக்கும் எதுவும் இருக்காது. கை எடுத்தால் ஒலி நிற்க வேண்டும். கடைக் கீபோர்டில் 'ஸ்டைல்' என்று ஒரு பட்டன் இருக்குமே, ஒரு விரலை வைத்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் சேர்ந்து அடிக்குமே, அது கோயில் மோட்டாரின் தம்பி என்பது என் அபிப்பிராயம். குழந்தைக்கு முதல் நாள் குஷியாக இருக்கும். பத்தாவது நாள் அந்தப் பட்டனைத் தவிர வேறு எதையும் தொடாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பட்டன் இல்லாத, வெறும் கட்டைகள் மட்டும் உள்ள மிடி கீபோர்டாக வாங்கி உங்கள் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் இணைத்துக்கொள்ளுங்கள். (இணைத்த பிறகு, கட்டையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் பயப்படாதீர்கள். சாப்ட்வேரின் ஆடியோ செட்டிங்கில் பபர் சைஸ் 512 அல்லது அதற்குக் கீழே வையுங்கள். 512 என்றால் 11.6 மில்லி விநாடி. நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி நம் காதுக்கு வரவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும்.)

அவர் சொன்ன இன்னொரு குறைக்கு மட்டும் ஓரளவு விடை கிடைத்தது. "ஸ்வரம் சரியா இருக்கு, ஆனா நின்ன இடத்துலயே நிக்குதே. நகரவே இல்லையே" என்றார். கமகத்தைத்தான் சொன்னார். பித்தளைத் தகட்டில் அது வராது. இதற்கு வந்த தீர்வு கம்ப்யூட்டரே இல்லாத ஒரு சர்க்யூட். புதியவர்கள் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

555 என்று ஒரு ஐ.சி. உண்டு. 1972-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் தயாராகிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். இதோடு 1 கிலோ-ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோ பாரட் கெபாசிட்டர், 100 கிலோ-ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி. இணைப்புப் படம் எல்லா எலெக்ட்ரானிக்ஸ் புத்தகங்களிலும் 'ஏஸ்டேபிள்' என்ற பெயரில் இருக்கும். கன்ட்ரோலைத் திருகத் திருக, 72 ஹெர்ட்ஸிலிருந்து ஒலி மேலே ஏறும். கன்ட்ரோல் சுமார் 29.5 கிலோ-ஓமில் நிற்கும்போது, நாம் ஆடாசிட்டியில் உண்டாக்கிய அதே 240 வரும். கம்ப்யூட்டரில் அந்த 240-ஐ ஒலிக்கவிட்டு, இதைத் திருகி அதோடு சேருங்கள். ஏறி இறங்கும் அந்த ஆட்டம் மெதுவாகி மெதுவாகி நின்றுபோகும் இடம்தான் சுருதி சேரும் இடம். என் காது திறந்தது அப்படித்தான்.

பிறகு கன்ட்ரோலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எல்.டி.ஆர். ஒன்றைப் போடுங்கள். வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சின்ன வில்லை அது. வெளிச்சத்தில் ஒலி ஏறும், கை நிழல் பட்டால் இறங்கும். விரலை லேசாக ஆட்டினால் ஸ்வரம் அசையும். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மத்தியான வெயிலில் வேன் கதவைக் கொஞ்சம் சாத்துவதும் திறப்பதுமாக ஒலியை வளைத்தாள். கதவையே வாசித்தாள் என்று சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து வித்வானிடம் அதைப் போட்டுக் காட்டினேன். சிரித்தார். "இது நகருது" என்றார். இப்போது மாதம் ஒரு முறை வேனில் எங்களோடு வருகிறார், நாகஸ்வரத்தோடு. முதலில் அவர் வாசிப்பார். பிறகு பிள்ளைகள் தங்கள் பெட்டிகளை அந்தச் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். முக்கால்வாசி நேரம் வராது.

ஒரு எச்சரிக்கை. 555-ன் ஒலியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆசைப்பட்டு நேரடியாக மைக் ஜாக்கில் செருகிவிடாதீர்கள். அதிலிருந்து வருவது கிட்டத்தட்ட 9 வோல்ட், மைக் எதிர்பார்ப்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 100 கிலோ-ஓம், 1 கிலோ-ஓம் இரண்டையும் தொடராக இணைத்து, 1 கிலோ-ஓமின் இரு முனைகளிலிருந்து எடுத்தால் 0.09 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதையும் புதிய லேப்டாப்பில் செருகாமல், தனியாக ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கி அதில் செருகுங்கள். போனாலும் அதோடு போகட்டும்.

பெரியப்பா கொடுத்த ஆறு மாதக் கெடு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பழைய இரும்பு வாங்குபவர் போன வாரமும் வந்தார். தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று பெரியப்பா அனுப்பிவிட்டார். பொங்கலுக்குப் பிறகு போளூர் பக்கம் போவதாக இருக்கிறோம், அவரும் வருகிறாராம்.

நீங்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் 555-ஐ ஒன்று மட்டும் வாங்காதீர்கள். ஐந்தாக வாங்குங்கள். பேட்டரியை மாற்றிச் செருகி முதல் நாளே ஒன்று போய்விடும்.